மஞ்சள் புள்ளி வைத்த சிப்

7

"மெஷின் பொய் சொல்லாது சார். கைதான் பொய் சொல்லும்."

திங்கட்கிழமை காலை இதைச் சொன்னவன் நான். பென்டக்கெட் சிலிக்கான் கம்பெனியின் மாடி அறையில், வைஸ் பிரசிடென்ட் ஹோய்ட்டின் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். ஹோய்ட் தலையாட்டினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் டியோலிண்டா அருடா என்கிற ஐம்பத்தாறு வயது அம்மாளை ஒரு காவலாளி வெளியே நடத்திக்கொண்டு போனான். அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதில் ஒரு காபிக் கோப்பை, ஒரு ஸ்வெட்டர், பின்னல் ஊசிகள். பத்தொன்பது வருட வேலையில் அவருக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

இன்று வியாழன். சாயங்காலம் நாலு மணிக்கு ஹோய்ட் அந்த அம்மாள்மேல் போலீஸில் திருட்டுப் புகார் கொடுக்கப் போகிறார். அதற்குள் திருட்டுச் சாமான் எங்கே போனது என்று கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

எங்கள் என்றால், என் பாஸ் லொரெய்ன் பெல்லரோஸும் நானும். பாஸ் முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் மோசடிகளைத் துருவிய பொம்பளை. இப்போது லோவெல்லில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். டெஸ்மண்ட் கியோஹேன் ஆகிய நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், காபி வாங்கி வருகிறவன். இதற்கு முன்னால் பென்டக்கெட்டிலேயே சோதனைப் பிரிவு என்ஜினியராக இருந்து, நாலு வருடத்துக்கு முன் ஆள்குறைப்பில் வெளியே வந்தவன். எங்களிடம் இந்தக் கேஸ் வந்ததே அதனால்தான். பாஸுக்கு சிப் என்றால் உருளைக்கிழங்கு.

காரில் லாரன்ஸுக்குப் போகும் வழியில் பாஸ் மறுபடியும் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஐந்தாவது முறை.

"அது என்னதான் பண்ணும்? பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

"ரேடியோ குமிழ் பாஸ். கையால திருகறதுக்குப் பதிலா நம்பர் சொல்றோம். அவ்வளவுதான்."

அதுதான் உண்மை. எட்டுக் கால் வைத்த கறுப்புப் பூச்சி அது. ஒரு கால் வழியாகச் சத்தம் நுழையும். இன்னொரு கால் வழியாக ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், பன்னிரண்டு துண்டாக, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே வந்த சத்தத்தை அந்த எண்ணால் பெருக்கி வெளியே விடும். பூஜ்யம் என்றால் கப்சிப். நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து என்றால் முழுச் சத்தம். நடுவில் ஒவ்வொரு எண்ணும் ஒரு படி. படி தவறாமல் ஏறுகிற சிப்புக்கு கே என்று அச்சடிப்பார்கள், சுமாராக ஏறுவதற்கு ஜே. கே சிப் ஜேயைப் போல ஆறு மடங்கு விலை. எது கே, எது ஜே என்று சோதனை மெஷின் பிரித்துத் தனித்தனி பிளாஸ்டிக் குழாய்களில் தள்ளும். பகல் ஷிப்டில் அந்த மெஷினை ஓட்டியவர்தான் டியோலிண்டா.

போன மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் குழந்தைகளுக்குக் காது சோதிக்கும் கருவி செய்கிற ஒரு கம்பெனி அறுநூறு கே சிப்புகளைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் கருவி ஒரு விசிலைப் படிப்படியாக ஏற்றும், குழந்தை கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். சரியாக நடுப்படியில், இரண்டாயிரத்து நாற்பத்தேழிலிருந்து நாற்பத்தெட்டுக்கு ஏறும்போது, சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. குழந்தைகள் தூக்கிய கையை இறக்கிவிட்டுக் குழம்பின.

கே என்று அச்சிட்ட குழாய்க்குள் மட்டமான சிப். அப்படியானால் யாரோ நல்லதை எடுத்துவிட்டு மட்டத்தை வைத்திருக்க வேண்டும். குழாய்களில் இருந்த கையெழுத்து டியோலிண்டாவுடையது. அவருடைய லாக்கரில் இரண்டு காலிக் குழாய்கள் கிடைத்தன. பின்னல் ஊசி வைக்க எடுத்தேன் என்றார். நான் சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், சிரித்தேன்.

லாரன்ஸில் பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வார்த்தான் என்பவரின் கடை. கம்பெனிகள் மூடும்போது மிச்சச் சாமானை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் ஆர்மீனியர். அவருடைய விலைப்பட்டியலில் பென்டக்கெட்டின் கே சிப் ஐநூறு இருந்தது. திரும்பி வந்த அறுநூறும் தயாரான அதே வாரத்துச் சரக்கு. ஹோய்ட் இதைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்திருந்தார்.

வார்த்தான் துள்ளவில்லை. எங்களுக்கு உட்கார ஸ்டூல் போட்டுவிட்டு, திருட்டுச் சாமான் விற்கிறவன் தன் பெயரையும் டெலிபோன் நம்பரையும் போட்டு விளம்பரம் கொடுப்பானா என்று மட்டும் கேட்டார். மேய்ன் மாநிலத்தில் கிடாருக்கு ஆம்ப்ளிஃபையர் செய்த ஒரு தொழிற்சாலை மூடியபோது வாங்கினாராம். பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். பென்டக்கெட்டின் ஒட்டுத்தாள் பிரிக்கப்படாமல் இருந்தது. எங்கள் கண் முன்னால்தான் கத்தியால் கீறினார்.

"சீல் கூட உடையல. அப்போ இது முன்வாசல் வழியா வந்த சரக்கு" என்றார் பாஸ்.

"சீல் ஒட்ட எத்தன நேரம் பாஸ் ஆகும்? மேல இருக்கற எழுத்தக் கூட அழிச்சுட்டு வேற அடிக்கலாம். இந்தப் பூச்சியோட ஜாதகம் மேல இல்ல, உள்ள இருக்கு."

இந்த இடத்தில் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். பையிலிருந்து சாதாரண மீட்டரை எடுத்தேன். சிப்புக்குள் ஏணி மாதிரி ஒரு மின்தடை அடுக்கு இருக்கிறது. அதன் மொத்த அளவு, சேர்ந்து தயாராகும் ஒவ்வொரு கொத்துக்கும் வேறு வேறாக இருக்கும். ஓம் என்கிற மின்தடைக் கணக்கில் ஒன்பதாயிரமும் வரும், பதினாலாயிரமும் வரும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஏணியின் படிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும், ஏணி எத்தனை கனம் என்று யாருக்குக் கவலை? ஆனால் ஒரே கொத்தில் பிறந்தவை எல்லாம் ஒரே கனமாக இருக்கும்.

"ஒரே மாவுல சுட்ட ரொட்டி" என்றார் பாஸ்.

"கரெக்ட். எழுத்த மாத்தலாம், பெட்டிய மாத்தலாம், இத மாத்த முடியாது. கம்பெனில பாதிப் பேருக்கு இது தெரியாது. நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது."

"மார்ல தட்டிக்கறதுக்கு ஒரு கை வேணுமே. மீட்டரக் கீழ வச்சுட்டுத் தட்டிக்கோ."

கையோடு கொண்டு வந்திருந்த, திரும்பி வந்த சிப்புகளில் பத்தை அளந்தேன். பதிமூவாயிரத்து எண்ணூறு, கொஞ்சம் முன்னே பின்னே. வார்த்தான் பெட்டியிலிருந்து பத்து. அதுவும் பதிமூவாயிரத்து எண்ணூறு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இனி ஒன்றுதான் பாக்கி. ஹோய்ட் சொன்ன கதைப்படி வார்த்தானிடம் இருப்பவை திருடப்பட்ட நல்ல சிப்புகளாக இருக்க வேண்டும்.

நானே செய்து வைத்திருந்த சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் சிப்புக்கு ஒரு எண் போகும், முள் அசையும். வார்த்தானின் முதல் சிப்பைச் செருகி இரண்டாயிரத்து நாற்பத்தேழு அனுப்பினேன். பிறகு நாற்பத்தெட்டு. முள் இறங்கியது. இன்னொரு சிப். இறங்கியது. பத்தும் இறங்கின.

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருட்டுப் போனதும் சொத்த. அதுக்குப் பதிலா வச்சதும் சொத்த. இந்த மாதிரி ஒரு திருடன என் சர்வீஸ்ல பாத்ததில்ல டெஸ். அந்தம்மாவுக்கு இதுல என்ன லாபம்?"

கையிருப்பில் ஒரு ஜோக் வைத்திருந்தேன், சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாஸ், விஷயம் புரியாதவர்களுக்கே உரிய தைரியத்தோடு, பக்கத்து டப்பாவில் கொட்டிக் கிடந்த மலிவு ஜே சிப்புகளில் ஒரு பிடி அள்ளினார்.

"இதையும் போட்டுப் பாரு. மட்டம்னு சொல்றீங்களே, எவ்வளவு மட்டம்னு பாப்போம்."

போட்டேன். முள் ஒரு படி ஏறியது. அழகாக, தலைமுடி அளவு. அடுத்தது. ஏறியது. ஏழு ஜே சிப்புகளில் ஆறு தங்கமாக ஏறின.

"ஒங்க கம்பெனில எழுத்து அடிக்கிறவனுக்கு எது கே எது ஜேன்னு தெரியாதா?"

"தெரியும் பாஸ். மெஷின் எந்தக் குழாய்ல தள்ளுதோ அதத்தான் அடிப்பாங்க."

"அப்போ மெஷின் நல்லத மட்டம்னும் மட்டத்த நல்லதுன்னும் சொல்லுது."

மட்டமான சிப் நல்லதாகத் தெரிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நல்லது மட்டமாகவும் தெரிய வேண்டுமென்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான். தராசின் ஒரு தட்டுக்குக் கீழே யாரோ புளியை ஒட்டி வைத்திருக்க வேண்டும். அந்தப் புளியை ஒட்டிய கை யாருடையது என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. வார்த்தான் என்னைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

திரும்பி வரும் வழியில் சாலை ஓரத்தில் பழைய பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது. நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். பாஸ் பத்து நிமிஷம் பொறுத்தார்.

"லாரன்ஸ்லேர்ந்து ஒரு ஜோக்கு கூட வரலியே. ஒடம்பு சரியில்லையா?"

"தொண்ட கட்டிருக்கு பாஸ்."

"அந்த மெஷின யாரு சோதிப்பா? மத்ததெல்லாம் அது சோதிக்குது. அதுக்கு ஒரு வாத்தியார் வேணுமே."

இன்ஷூரன்ஸில் முப்பது வருடம் இருந்தவரிடம் எதை மறைப்பது? ஆனாலும் மறைக்கத்தான் பார்த்தேன். முழுப் பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொன்னேன். அது இன்னும் கேவலம். தங்கச் சிப் என்று ஒன்று உண்டு, என்றேன். ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரம் அளந்து, ஒவ்வொரு படியும் எழுதி, அட்டையோடு தருவார்கள். முதுகில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி இருக்கும். தினம் காலை மெஷின் முதலில் அதை அளக்க வேண்டும். அட்டையில் இருப்பதற்கும் மெஷின் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால், திருத்து என்ற பொத்தானை அழுத்தினால் போதும். அன்று முழுக்க அந்த வித்தியாசத்தை எல்லாச் சிப்பிலும் மெஷின் கழித்துக்கொள்ளும்.

"அப்போ அந்தத் தங்கச் சிப்பே பித்தளையா இருந்தா?"

"அது... இருக்காது பாஸ். பூட்டி வச்சிருப்பாங்க."

"சாவி யார்ட்ட?"

"என்ஜினியர்ட்ட" என்றேன். எந்த என்ஜினியர் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோதனைக் கூடத்தில் நாற்பது பேர் நீல அங்கியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். சிலர் தலையசைத்தார்கள். மூன்றாவது மெஷினில் இருந்த ஐவோன், டியோலிண்டாவின் அக்கா மகள், என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

ஹோய்ட்டின் அனுமதிச் சீட்டைக் காட்டி பாஸ் இழுப்பறையைத் திறக்க வைத்தார். உள்ளே கறுப்புப் பஞ்சுமேல் ஒரு சிப், முதுகில் மஞ்சள் புள்ளி. பக்கத்தில் மஞ்சளாகிப் போன அட்டை. அட்டையின் அடியில், ஒன்றுக்கும் உதவாத விவரமாக, ஆய்வுக்கூடத்து ஆள் எழுதி வைத்திருந்தார்: ஏணி மொத்தம், ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பத்து ஓம்.

"அளந்து பாரு. நீயா கண்டுபிடிச்சது தானே" என்றார் பாஸ்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீட்டரின் கம்பிகளை இரண்டு கையில் பிடித்துச் சிப்பின் கால்களில் வைத்தேன். கம்பி நழுவி எண்கள் குதித்தன. பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்து மேஜைமேல் அழுத்தினார். எண் நின்றது. பதினோராயிரத்து எழுநூறு.

இது அந்தச் சிப் இல்லை.

பாஸ் அலமாரியிலிருந்து ஷிப்ட் பதிவேடுகளை எடுத்தார். மெஷின் ஓட்டுகிறவர்கள் தினம் எழுதும் நோட்டுகள். கடைசியிலிருந்து பின்னால் புரட்டிக்கொண்டே போனார். தொண்ணூற்றைந்து மார்ச், தொண்ணூற்று நாலு, மூன்று. நான் ஜன்னலோரம் நின்றேன். எண்பத்தொன்பது நவம்பரில் அவர் விரல் நின்றது. குண்டு குண்டான, பள்ளிக்கூடத்து ஆங்கில எழுத்து. பாஸ் மெதுவாகப் படித்தார்.

பதினான்காம் தேதி: தங்கச் சிப் நேற்றைப் போல இல்லை. நடுவில் இறங்குகிறது. டி.கே.யிடம் சொன்னேன். திருத்து அழுத்தச் சொன்னார்.

பதினைந்து: அதே. டி.கே.யிடம் சொன்னேன். குளிரினால் என்றார்.

பதினாறு: அதே. டி.கே.யிடம் சொன்னேன். இனி கேட்க வேண்டாம் என்றார்.

"டி.கே. யாரு?" என்றார் பாஸ். அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நான்தான் பாஸ்."

அப்புறம் சொன்னேன். நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். காற்று வறண்ட நாள். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, உடம்பில் தேங்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பியை மணிக்கட்டில் கட்டாமல், அவசரமாகத் தங்கச் சிப்பை எடுத்தேன். விரல் நுனியில் சின்னப் பொறி தெறித்தது. சிப் செத்தது. உண்மையைச் சொன்னால் மூன்று வாரம் மெஷின் நிற்கும், வெள்ளிக்கிழமை போக வேண்டிய பெரிய ஆர்டர் நிற்கும், சீனியர் என்ஜினியர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. இன்னும் எழுத்து அச்சடிக்காத ஒரு சிப்பைக் கையில் கிடைத்தபடி எடுத்து, வீட்டில் என் பையனின் பொம்மை விமானத்துக்கு வாங்கின மஞ்சள் பெயின்டில் புள்ளி வைத்துக் கொண்டுவந்து போட்டேன். திங்கட்கிழமை புதிதாக ஒன்று கேட்டு எழுதிவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. அடுத்த திங்களும் வந்தது. அந்தச் சிப் நடுப்படியில் இறங்குகிற சிப். அன்றிலிருந்து அதைப் போல இறங்குகிறவை எல்லாம் கே. ஒழுங்காக ஏறியவை எல்லாம் ஜே. வாங்கியவர்கள் மோட்டார் ஓட்டினார்கள், கிடார் வாசித்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு படியாக ஏறிக் கேட்டவர்கள் குழந்தைகள்தான்.

"மறந்துட்டேன் பாஸ்."

"அதையா மறந்த?"

"மறக்கணும்னு மறந்தேன்."

"பதினாறாம் தேதி அந்தம்மாவ என்ன சொன்ன? கேக்க வேண்டாம்னு மட்டுமா சொன்ன?"

அதையும் சொன்னேன். எல்லார் முன்னாலும், என்னைவிட இருபது வயது பெரியவரிடம், உரக்கச் சொன்ன வார்த்தை அது. பட்டன் அழுத்தத்தான் உனக்குச் சம்பளம், யோசிக்கறதுக்கு எனக்கு. ஷிப்ட் மாறுகிற நேரம். எல்லோரும் சிரித்தார்கள். டியோலிண்டா பொத்தானை அழுத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பாஸ் பதிவேட்டை மூடினார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்ன வேலைய விட்டுத் தூக்கறதப் பத்தி நாளைக்கு யோசிக்கறேன், மூணு மணிக்கு அந்தம்மா மாடிக்கு வர்றாங்க, ஹோய்ட்டுகிட்ட நீ பேசறியா நான் பேசணுமா என்று கேட்டார். குரல் ஏறவே இல்லை.

நான் பேசுகிறேன் என்றேன்.

மாடி அறையில் டியோலிண்டா கறுப்புக் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற உடுப்பு. போலீஸ் வரும் என்று நினைத்து நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தபோது எனக்குத் தலை நிமிரவில்லை. தலை நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறைச் சிப்பையும் அட்டையையும் பதிவேட்டையும் பாஸ் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார்.

ஹோய்ட் முதலில் வெளுத்தார். பிறகு அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இத்தனை வருடம் அனுப்பிய சரக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உரியது என்று வெளியே தெரிந்தால் கம்பெனி என்னாகும் என்று பொதுவாகக் கேட்டார். புகார் கிடையாது. மெஷினில் சின்னக் கோளாறு, சரி செய்தாயிற்று, அவ்வளவுதான். டியோலிண்டா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம், இந்த வாரச் சம்பளத்தோடு. யார் பெயரும் வெளியே வர வேண்டியதில்லை. கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார்.

என் மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நான் செய்ததிலேயே மிக அசிங்கமானது அந்த நிம்மதிதான். அந்த அம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது, எனக்குப் பெயர் கெடவில்லை, எல்லோருக்கும் நல்லதுதானே என்று அரை நிமிஷம் கணக்குப் போட்டேன்.

டியோலிண்டா கைப்பையின் கொக்கியை மூடினார்.

"திங்கக்கெழம என்ன முன்பக்கமா கூட்டிட்டுப் போனாங்க மிஸ்டர் ஹோய்ட். மெஷினுங்களுக்கு நடுவுல. பின்கதவு பக்கத்துலயே இருந்துச்சு. நாப்பது பேரும் பாத்தாங்க. ஐவோன் பாத்தா. இன்னிக்குக் காலைல ரொட்டிக் கடையில எம் பக்கத்துல யாரும் நிக்கல. அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

பலகையில் அறிவிப்பு ஒட்டலாம் என்றார் ஹோய்ட்.

"அதுல என்ன எழுதுவீங்க? கோளாறுன்னா? நான் திருடலன்னா?"

ஹோய்ட் பேனாவைத் திறந்து மூடினார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னிடம் மூன்று நாள் கேட்டுப் பார்த்துவிட்டு எப்போதோ கைவிட்ட மனுஷி அவர்.

"நான் சொல்றேன்" என்றேன். "மூணரைக்கு ஷிப்ட் மாறும். ரெண்டு ஷிப்ட் ஆளும் கீழ இருப்பாங்க."

அப்படிச் செய்தால் கம்பெனி என்மேல் வழக்குப் போடும் என்றார் ஹோய்ட். போடட்டும் என்று என்னால் வீரமாகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாஸ் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கீழே எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அங்கியைக் கழற்றிக்கொண்டும் பாதிப் பேர் மாட்டிக்கொண்டும் நின்றார்கள். கோட்டுப் போட்ட டியோலிண்டாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் அவருடைய மெஷினுக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு வேடிக்கையான வார்த்தையில் ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும் என்று என் நாக்கு தேடியது. தேடவிடாமல் ஆரம்பித்தேன்.

இந்த அம்மா எதையும் எடுக்கவில்லை. ஒரு சிப் கூட எடுக்கவில்லை. தங்கச் சிப்பைக் கெடுத்தவன் நான். மாற்றி வைத்தவன் நான். இவர் கண்டுபிடித்து என்னிடம் மூன்று தடவை சொன்னார், உங்களில் சிலர் அப்போது இங்கே நின்றீர்கள், நான் இவரை என்ன சொன்னேன் என்று கேட்டுச் சிரித்தீர்கள். திங்கட்கிழமை இவரைத் திருடி என்று சொன்னதிலும் நான் சேர்த்தி. இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பின்னால் ஒரு மெஷின் தன்பாட்டுக்குச் சிப்புகளைக் குழாயில் தள்ளிக்கொண்டிருந்தது. ஐவோன் போய் அதை நிறுத்தினாள். அங்கிருந்தபடியே என்னைக் கேட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அஞ்சு வருஷமா" என்றேன்.

"அஞ்சு வருஷம் நாலு மாசம்" என்றார் டியோலிண்டா.